குட்டி யானையின் சீட்டுக்கும் வைத்தியம் பாருங்கள்!

இடுப்பு வலி, மூலம், உடம்புச் சூடு என்று வரும் லோடு வண்டி டிரைவருக்கு மருந்துச் சீட்டு எழுதும் முன் நான் கேட்கும் முதல் கேள்வி: "தம்பி, உன் வண்டி சீட்டு எப்படி இருக்கு?"

புதுச்சேரியின் தெற்கு எல்லையில், தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கிறது குருவிநத்தம். பாகூர் கொம்யூனைச் சேர்ந்த ஊர். ஆற்றைத் தாண்டினால் கடலூர். நெல்லும் கரும்பும் விளைகிற பூமி. வெண்டை, கத்திரி, மல்லாட்டை என்று எது விளைந்தாலும் அது விடிவதற்குள் கடலூருக்கோ புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கோ போய்ச் சேர வேண்டும். கொண்டு போய்ச் சேர்ப்பது யார்? நம்ம குட்டி யானைதான்!

2005-ல் டாடா ஏஸ் வந்தபோது ஜனங்களே வைத்த செல்லப் பெயர் இது. பிறகு ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திராவின் பொலீரோ பிக்கப் என்று பல வண்டிகள் வந்துவிட்டன. கம்பெனி எதுவானாலும் சின்ன லோடு வண்டி என்றால் கிராமத்தில் 'குட்டி யானை'தான். கடனை வாங்கி வண்டியை எடுத்து, தானே ஓட்டி, மாதத் தவணை கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைக்கிற குடும்பங்கள் எத்தனையோ. அந்தக் குடும்பத்தின் வருமானம் முழுக்க ஒரே ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதுதான் டிரைவர் சீட்டு!

ஆனால் வண்டி வாங்கும்போது நாம் என்ன கேட்கிறோம்? "எத்தனை கிலோ இழுக்கும்? மைலேஜ் எவ்வளவு?" ஒரு நாளைக்கு எட்டு மணி, பத்து மணி நேரம் உட்காரப் போகிற சீட்டை அழுத்திப் பார்க்கிறவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம்.

சீட்டில் என்ன கோளாறு?

"இடுப்பு ஒடியுதுங்கய்யா... காலை வரைக்கும் சுண்டி இழுக்குது" என்று வருகிற தம்பிகளோடு நான் வெளியே வந்து வண்டியையும் பார்ப்பதுண்டு. பார்த்த வண்டிகளில் திரும்பத் திரும்பக் கண்ட குறைகள் இவை:

1. ஸ்பாஞ்ச் உட்கார்ந்து போயிருக்கும். மேலே ரெக்சின் பளபளவென்று இருக்கும். கையை வைத்து அழுத்தினால் அடியில் இருக்கிற தகடோ கம்பியோ தட்டுப்படும்.

2. ஒரு பக்கம் மட்டும் பள்ளம். ஏறி இறங்குகிற பக்கம் சீக்கிரம் தேயும். இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். போதாததற்கு பின்பாக்கெட்டில் பர்ஸ், ஆர்.சி. நகல், ரசீதுக் கட்டு!

3. முதுகுச் சாய்மானம் நிமிர்ந்த பலகை போல இருக்கும். இடுப்பின் உள்வளைவுக்கு எந்தத் தாங்கலும் இருக்காது.

4. சீட்டை முன்னே பின்னே நகர்த்துகிற தண்டவாளத்தின் லாக் தேய்ந்திருக்கும். பிரேக் அடித்தால் சீட்டே ஒரு விரற்கடை நகரும்.

5. அடிச்சட்டத்தில் போல்ட் தளர்ந்திருக்கும். அல்லது வெல்டிங் விட்டிருக்கும்.

6. சீட் பெல்ட் சீட்டுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கும்!

முதல் மூன்றும் உடம்பை மெல்ல மெல்லத் தின்னும். கடைசி மூன்றும் ஒரே நொடியில் ஆளைச் சாய்க்கும். இரண்டையும் பார்ப்போம்.

'ஜீப் நோய்' கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

மோசமான சீட்டு நோயைக் கொடுக்கும் என்பதை உலகம் பெரிய அளவில் கண்டது இரண்டாம் உலகப் போரில். ஜீப்பிலும் டிரக்கிலும் கரடுமுரடான பாதையில் நாள் முழுக்கக் குலுங்கிய அமெரிக்க சிப்பாய்கள், புட்டப் பிளவுக்கு மேலே, வால் எலும்புப் பக்கம் சீழ்க்கட்டி வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 1941-லிருந்து 1945-க்குள் அப்படிச் சேர்ந்தவர்கள் சுமார் 80,000 பேர்! மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டாக்டர் லூயி பூயி 1944-ல் இதற்கு 'ஜீப் நோய்' என்றே பெயரிட்டு எழுதினார். அந்த இடத்து முடி தோலுக்குள் புகுந்து, வேர்வையும் உராய்வும் சேர்ந்து, சீழ்ப்பாதை உண்டாகிறது.

நம் ஊர் லோடு வண்டி டிரைவர்களிடமும் இந்தக் கட்டி வருகிறது. பலரும் இதை மூலம் என்றோ பவுத்திரம் என்றோ நினைத்துக்கொண்டு, வெட்கப்பட்டு மறைத்து, தானே களிம்பு தடவிக்கொள்கிறார்கள். மூன்றும் வேறு வேறு, சிகிச்சையும் வேறு. வீட்டுப் பெண்கள் கவனிக்க வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. அவர் ஒரு பக்கமாகவே உட்காருகிறாரா, உள்ளாடையில் சீழ்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

முதுகுத்தண்டில் ஏறும் அதிர்வு

ஊஞ்சலை அது ஆடுகிற தாளத்திலேயே தள்ளினால் சின்னத் தள்ளலுக்கே உயரமாகப் போகும் இல்லையா? நம் முதுகுத்தண்டுக்கும் அப்படி ஒரு தாளம் உண்டு. வினாடிக்கு ஏறக்குறைய 4 முதல் 8 தடவை மேலும் கீழும் அதிர்ந்தால், உட்கார்ந்திருக்கும் உடம்பு அந்த அதிர்வோடு சேர்ந்து ஆடத் தொடங்கும். கிராமத்துச் சாலையில் லோடு வண்டி தருகிற குலுக்கலில் இந்த வகை அதிர்வு நிறையவே உண்டு. உடம்பு முழுக்க ஏறும் அதிர்வை எப்படி அளப்பது என்பதற்கு 1974-லேயே ஐ.எஸ்.ஓ. 2631 என்ற சர்வதேசத் தரம் வந்துவிட்டது.

லோடு வண்டியின் பட்டைகள் சுமையைத் தாங்குவதற்காகக் கெட்டியாக அமைக்கப்பட்டவை. ஆகவே லோடு ஏற்றிப் போகும்போதைவிட, காலி வண்டியாகத் திரும்பும்போதுதான் குலுக்கல் அதிகம். பெரிய லாரிகள் பலவற்றில் சீட்டுக்கு அடியில் தனியாக ஸ்பிரிங்கோ காற்றுப் பையோ இருக்கும். சின்ன வண்டியில் பெரும்பாலும் சீட்டைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். நடுவில் அதிர்வை வாங்கிக்கொள்ள இருப்பது அந்த ஸ்பாஞ்ச் ஒன்றுதான். அதுவும் உட்கார்ந்து போனால், சாலையின் குழி நேரே முதுகெலும்பில் இடிக்கிறது.

ஸ்வீடன் நாட்டு டாக்டர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் முதுகெலும்பு வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட, முன்னால் குனிந்து உட்காரும்போது அழுத்தம் நன்றாக ஏறுகிறது என்று கண்டார். பின்னால் வந்த ஆராய்ச்சிகள் நிமிர்ந்து உட்காருவதைப் பற்றி வேறு கணக்குச் சொன்னாலும், குனிந்து உட்காருவது கெடுதல் என்பதில் மாற்றம் இல்லை. பள்ளம் விழுந்த சீட்டில் எவரும் குனிந்துதானே உட்கார முடியும்?

சித்த மருத்துவத்தில் இதை வாதத்தின் கணக்கில் பார்க்கிறோம். யூகி முனிவர் வாத நோய்களை 80 என்றும் மூல நோயை 21 என்றும் வகைப்படுத்தினார். மலம், மூத்திரம் இவற்றைக் கீழ்நோக்கித் தள்ளுவது அபான வாயு. அதன் இருப்பிடத்தை நாள் முழுக்க அழுத்திக் குலுக்கினால் இடுப்பும் ஆசனவாயும் கெடாமல் என்ன செய்யும்?

கீழே அடுப்பு, மேலே ஆள்

பல சின்ன லோடு வண்டிகளில் எஞ்சின் இருப்பது சீட்டுக்கு அடியில்தான். மே மாதக் கத்திரி வெயிலில் அந்த ரெக்சின் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்!

ஆண்களின் விதைப்பை உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உற்பத்தியாகும். பிரான்ஸில் துலூஸ் நகர ஆராய்ச்சியாளர்கள் 2000-ல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல் கார் ஓட்டியவர்களுக்கே அந்த இடத்தின் சூடு சுமார் 2 டிகிரி ஏறியிருந்தது. அது கார். எஞ்சின் மேல் உட்கார்ந்து ஓட்டுகிறவரை நினைத்துப் பாருங்கள்! கல்யாணமாகி இரண்டு வருஷம் குழந்தை இல்லை என்றதும் மருமகளை மட்டும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகும் மாமியார்களுக்கு ஒரு வார்த்தை: மகனுக்கும் பரிசோதனை செய்யுங்கள். அவர் உட்காரும் இடத்தையும் பாருங்கள்.

பெரிய சரக்கு வாகனங்களுக்கு 2025 முதல் புதிதாகத் தயாராகும் கேபின்களில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் மொத்த எடை 3.5 டன்னுக்கு உட்பட்ட நம்ம குட்டி யானை அதில் வரவில்லை. 2023 அக்டோபரில் தொடங்கிய 'பாரத் என்கேப்' மோதல் சோதனையும் கார் வகைகளுக்குத்தான். சின்ன வண்டி டிரைவர் தன்னைத் தானேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சூட்டுக்குப் பயந்து தண்ணீர் குடிக்க வேண்டியவர், வழியில் இறங்க நேரமில்லை என்று தண்ணீரையும் குறைத்து, சிறுநீரையும் அடக்குகிறார். அடக்கக் கூடாத வேகங்கள் 14 என்று சித்த நூல்கள் சொல்கின்றன. மலமும் சிறுநீரும் அவற்றில் முக்கியமானவை. அடக்கினால் கல்லடைப்பு, நீர்க்கடுப்பு, மலக்கட்டு, கடைசியில் மூலம்!

நொடியில் வரும் ஆபத்து

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி மோதி நின்றால், பெல்ட் போடாத ஆள் அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங்கில் மோதுவார். ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம் அது. காருக்கு முன்னால் எஞ்சின் இருக்கும் நீண்ட மூக்கு இருக்கிறது. அது நசுங்கி அடியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மூக்கில்லாத தட்டை முகமுள்ள வண்டியில் டிரைவரின் முழங்காலுக்கு முன்னால் இருப்பது ஒரு தகடுதான்.

வோல்வோ கம்பெனியின் எஞ்சினியர் நில்ஸ் போலின் 1959-ல் உருவாக்கிய மூன்று முனை பெல்ட்தான் இன்றும் உயிர் காக்கிறது. ஆனால் பெல்ட் வேலை செய்ய வேண்டுமானால் சீட்டு தன் இடத்தில் நிற்க வேண்டும். லாக் தேய்ந்த சீட்டு மோதலில் முன்னால் ஓடினால், பெல்ட் தளர்ந்துவிடும். பின்னாலிருந்து வேறு வண்டி இடித்தால் தலைசாய்ப்பு கழுத்தைக் காக்கும். அதைக் கழற்றிப் பரணில் போட்டிருக்கிறவர்களும் உண்டு!

இருவர் சீட்டில் மூன்றாவது ஆளை உட்கார வைப்பது இன்னொரு வம்பு. அவருக்குப் பெல்ட் இல்லை. கியர் போடுகிற கைக்கும் இடமில்லை. குழந்தையை மடியில் வைத்து முன்னால் உட்காரும் தாய்மார்களே, மோதும்போது பத்துக் கிலோ குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்த எந்தப் பயில்வானாலும் முடியாது.

சீட்டே இல்லாத பயணம்

இதைவிடப் பெரிய ஆபத்து, சரக்குத் தொட்டியில் ஆள் ஏற்றுவது. தை மாதம் 5-ஆம் நாள் தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. சோரியாங்குப்பம், குருவிநத்தம் பக்கமெல்லாம் ஜனக் கூட்டம். குலதெய்வம் கோயில், காதுகுத்து, கல்யாணச் சீர்வரிசை, சாவு வீடு... எல்லாவற்றுக்கும் குட்டி யானையில் தார்ப்பாய் விரித்து, பாட்டி முதல் பேரன் வரை ஏறிவிடுகிறோம். "பத்து கிலோமீட்டர்தானே" என்கிறோம்.

2022 ஏப்ரல் 2, தெலுங்கு வருடப் பிறப்பு. திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலைப் பகுதியில், கோயிலுக்குச் சரக்கு வண்டியில் போன கிராமத்து ஜனங்கள் பள்ளத்தில் கவிழ்ந்தார்கள். 11 பேர் இறந்தார்கள். 2024 மே 20-ல் சத்தீஸ்கர் மாநிலம் கபீர்தாம் மாவட்டத்தில் பீடி இலை பறித்துவிட்டுப் பிக்கப் வண்டியில் திரும்பிய 19 பேர் இறந்தார்கள். தொட்டியில் பிடிக்க எதுவும் இல்லை. ஆட்கள் நின்றால் வண்டியின் பாரம் மேலே ஏறி, வளைவில் சுலபமாகக் கவிழும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. சரக்கு வண்டியில் பயணியாகப் போய் அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்ட ஈடு தரக் கடமைப்பட்டதல்ல என்று 2002-ல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1994 சட்டத் திருத்தத்தின்படி சரக்கின் சொந்தக்காரருக்கோ அவருடைய பிரதிநிதிக்கோ மட்டும் பாதுகாப்பு உண்டு. அவரும் கேபினுக்குள் உட்கார்ந்து வர வேண்டும் என்றது 2007-ல் வந்த மற்றொரு தீர்ப்பு. சில வழக்குகளில் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவாவதுண்டு. அப்போது போவது யார் வீடு? உதவி செய்யப் போன அந்த டிரைவரின் வீடு!

முதலில் சீட்டுக்கு வைத்தியம்

ஓய்வு நாளில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்:

* சீட்டில் உட்கார்ந்து காலைத் தரையில் ஊன்றி முன்னும் பின்னும் பலமாக உந்துங்கள். துளி அசைந்தாலும் லாக்கை மாற்றுங்கள். கம்பி வைத்துக் கட்டாதீர்கள்.
* அடிச்சட்டத்தின் நான்கு மூலைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் தெருவோர வெல்டிங் வேண்டாம். சர்வீஸ் சென்டரில் காட்டி, தேவையானால் சட்டத்தையே மாற்றுங்கள்.
* தானே சுருளும் பெல்ட் என்றால் சட்டென்று இழுங்கள். பிடித்துக்கொள்ள வேண்டும். நைந்த பெல்ட்டையும், விபத்தில் சிக்கிய பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள்.
* குஷன் கடையில் கெட்டியான ஸ்பாஞ்ச் போடச் சொல்லுங்கள். ரப்பர் கலந்த தேங்காய் நார் மெத்தை காற்றோட்டம் தரும். மேலே கெட்டிப் பருத்தித் துணி உறை போடுங்கள். ரெக்சின் வேர்வையைத் தேக்கும்.
* தலையணை மேல் தலையணை அடுக்காதீர்கள். ஆள் உயர்ந்தால் பெல்ட்டும் தலைசாய்ப்பும் பொருந்தாது.
* கிளட்சை முழுக்க மிதித்தாலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். சாய்மானம் சற்றுப் பின்னால் சாயட்டும். சுருட்டிய சின்னத் துண்டை இடுப்பு வளைவில் வையுங்கள்.
* சீட்டுக்கு அடியில் எண்ணெய்த் துணி வேண்டாம், தீப்பிடிக்கும். காலடியில் தண்ணீர் பாட்டில் வேண்டாம், உருண்டு பிரேக்குக்கு அடியில் போகும்.
* டயர் காற்றையும் ஷாக் அப்சார்பரையும் கவனியுங்கள்.

புது வண்டியிலேயே சீட்டு சரியில்லையா? வாய்ப் பேச்சாக விடாமல் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். "வியாபார வண்டிக்கு நுகர்வோர் கோர்ட் கிடையாது" என்பார்கள். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு வாங்கியவரும் நுகர்வோர்தான் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பயணிக்கு ஆபத்தான தயாரிப்புக் கோளாறு உள்ள வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவு மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது.

பிறகு ஆளுக்கு வைத்தியம்

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி ஐந்து நிமிஷம் நடங்கள். ஊர் சேர்ந்ததும் குதித்து இறங்கி மூட்டை தூக்காதீர்கள். நெடுநேரம் குலுங்கிய வட்டு அப்போது பலவீனமாக இருக்கும். கொஞ்சம் நடந்து, இடுப்பைப் பின்னால் வளைத்துவிட்டு அப்புறம் தூக்குங்கள்.

நொச்சி இலை, ஆமணக்கு இலை, தழுதாழை இலை எது கிடைக்கிறதோ அதை நல்லெண்ணெயில் வதக்கி, துணியில் முடிந்து, பொறுக்கும் சூட்டில் இடுப்பில் ஒற்றடம் கொடுங்கள். வாரம் இரண்டு தடவை உளுந்தங்கஞ்சி. சர்க்கரை வியாதிக்காரர்கள் வெல்லம் சேர்க்க வேண்டாம். மலக்கட்டுக்குத் துத்திக்கீரையைப் பாசிப்பருப்போடு கூட்டாகச் செய்து கொடுங்கள். இரவில் அரை ஸ்பூன் கடுக்காய்த்தூள் வெந்நீரில் சாப்பிடலாம். மூலத்தில் ரத்தம் போனால் கை வைத்தியம் போதாது; வைத்தியரைப் பாருங்கள்.

எண்ணெய் முழுக்கு நல்லது. ஆனால் அன்றைக்கு வண்டி எடுக்காதீர்கள். அசதி வரும். அரிஷ்டங்களில் புளித்தலால் இயற்கையாகவே கொஞ்சம் சாராயச் சத்து உண்டாகும். சாப்பிட்டுவிட்டு ஓட்டாதீர்கள். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையைத் தினம் விழுங்கினால் வயிறும் கிட்னியும் கெடும்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

புட்டத்திலும் தொடை இடுக்கிலும் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நிற்பது அல்லது தன்னறியாமல் போவது, பாதம் தூக்க முடியாமல் தொங்குவது... இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எண்ணெய், தொக்கணம், வர்மம் எதற்கும் காத்திருக்காதீர்கள். சித்த வைத்தியனாகிய நானே சொல்கிறேன்! விபத்தில் கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை இழுத்துத் தூக்காமல் 108-க்குச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்துக்கு ஜிப்மர் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு உதவி செய்கிறவருக்கு 134-ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. பயப்பட வேண்டாம்.

கடைசியாக, லோடு வண்டி வைத்திருக்கும் வீட்டுப் பெண்களுக்கு ஒன்று. ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போடுகிறீர்கள். அந்தக் கையோடு சீட்டையும் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். கம்பி தட்டுப்பட்டால், அடுத்த மாத நகைச் சீட்டுக்கு முன்னால் அந்தச் சீட்டுக்குப் பணம் எடுத்து வையுங்கள். பெல்ட்டையும் வெளியே எடுத்துத் துடைத்துப் போடுங்கள். அவர் வண்டி எடுக்கும்போது "பெல்ட் போட்டாச்சா?" என்று ஒரு குரல் கொடுங்கள். தவணை முடிகிற வரைக்கும் மட்டுமல்ல, அதற்கப்புறமும் அவர் நிமிர்ந்து நடக்க வேண்டும் இல்லையா?